நகத்தளவு

மஸாஹிர் நானா கேட்டது இவ்வளவும்:
சிவப்பு அம்பு, மூன்று.
மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் தீ.
வாயைப் பிளந்தபடி அவரே.
மேலே “அதிர்ச்சி”,
கீழே “யாரும் சொல்லாத இரகசியம்”,
ஒரு மூலையில் கடைப் பெயரும் இலக்கமும்,
மற்றதில் மகள் வரைந்த சின்னம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்
சூடேற மறுக்கும் ரைஸ் குக்கர்களைப்
பிரித்துப் பூட்டுகிறவர்.
அதையே வீடியோவாகவும் போடுகிறார்.
முகப்புப் படம் என் வேலை.
ஒன்றுக்கு எழுநூற்றைம்பது ரூபாய்;
திருத்தம் எத்தனை முறையும் இலவசம் என்று
வாய் தவறிச் சொன்னவள் நான்.

எல்லாம் வைத்தேன்.
அவர் கடையும் அப்படித்தான் இருக்கும்:
தொங்கும் வயர்கள், அடுக்கிய மூடிகள்,
நடுவில் எங்கோ அவர்.
பார்த்தவை நாற்பத்தொன்று.
அதில் பதினாறு நான்.
மிச்சம் அவர் மச்சான்மார்.

வியாழக்கிழமை, நூறாம் இலக்க பஸ்.
பம்பலப்பிட்டியில் ஏறிய ஒருத்தி
ஒரு கையால் கம்பியையும்
மறு கையால் போனையும் பிடித்திருந்தாள்.
மிஞ்சியது ஒரு விரல்.
அது தள்ளத் தள்ள
கலியாண வீடு, கொத்துரொட்டி, வெள்ளம், கிரிக்கெட்,
யாரோ அழுகிறார்கள்,
பிறகு
என் படம்.
இரவு இரண்டு மணிவரை இழைத்தது.
என்ன எழுதியிருக்கிறதென்று
எனக்கே வாசிக்க முடியவில்லை.
தட்டில் சிந்திய சம்பல் மாதிரி ஏதோ சிவந்து
போய்விட்டது.
பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும் நேரம்கூட இல்லை.

பெயரிலேயே இருக்கிறதே.
தம்ப்நெயில். கட்டைவிரல் நகம்.
அதில் நான் கல்வெட்டு வெட்டிக்கொண்டிருந்தேன்.

யன்னலுக்கு வெளியே காலி வீதி.
நகை அடகு, ஆங்கில வகுப்பு, சாரி மாளிகை,
பல் வைத்தியர், மறுபடி நகை அடகு,
மூன்று மொழியிலும் பலகைகள்
ஒன்றின் தோளில் மற்றது ஏறி நின்று
கூவிக்கொண்டிருந்தன.
ஒரு கடை மட்டும் மூடிக் கிடந்தது.
பழைய பெயருக்கு மேல் வெள்ளை பூசி
புதிய பெயருக்குக் காத்திருக்கும் பலகை.
சிவப்பு விளக்கில் பஸ் நின்றபோது
பக்கத்து ஆசனக்காரர் அதைத்தான் பார்த்தார்.
நானும்.
போன்காரிகூட ஒரு கணம் தலை நிமிர்த்தினாள்.

வெள்ளவத்தை அறைக்கு வந்து அழிக்கத் தொடங்கினேன்.
அம்புகள் முதலில். பிறகு தீ.
மகளின் சின்னத்தில் கை கொஞ்சம் தயங்கியது.
நானாவின் வாயை மூடிப் பார்த்தேன்;
சரிவரவில்லை, நானாவையே எடுத்தேன்.
மிஞ்சியது
வெள்ளைத் தட்டில்
கருகிய ஒரு துண்டு வயர்.

ஒரு எழுத்தும் இல்லாமலா என்று
அரை மணி நேரம் மனம் அரித்தது.
“இதுதான்” என்று ஒரு சொல் போட்டேன்.
போனை மேசையில் சாய்த்துவிட்டு
கதவு வரை பின்னால் நடந்து
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.
கடற்கரை ரயில் போனது,
கண்ணாடி நடுங்கியது,
வயர் அங்கேயே இருந்தது.

சனிக்கிழமைக்குள் ஒன்பதாயிரம்.

நானா கோல் எடுத்தார்.
“சனம் அள்ளுது தங்கச்சி.”
பின்னால் யாரோ
தகரத்தைத் தட்டும் சத்தம்.
“ஆனா என்ட மூஞ்சி?
உம்மா கேக்குறாங்க, இது யார்ட வீடியோ எண்டு.”

அடுத்ததில் உங்கள் கட்டைவிரலை வைக்கிறேன் என்றேன்,
நகத்தில் ஈயம் ஒட்டியபடி, அது மட்டும்.

யோசித்தார்.
“அம்பு?”
இல்லை நானா.
“சின்னதா ஒண்டு?”